முகவரி வரம்புகளும் எல்லைக் கதியாலும்: சி மொழியில் பட்ட அனுபவங்கள்

வெள்ளவத்தையிலிருந்து:

சில ஆண்டுகளுக்கு முன்னர் கொழும்பில் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை செய்தபோது, அனுமதிக்கப்பட்ட ஐபி முகவரி (வலையமைப்பில் கணினியை அடையாளம் காட்டும் எண்) வரம்புகளை வரிசைப்படுத்தி வைத்து, வருகின்ற முகவரி அவற்றுள் ஒன்றில் அடங்குகிறதா என்று பார்க்கும் நிரலைச் சி மொழியில் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஒவ்வொரு வரம்புக்கும் தொடக்கம், முடிவு என இரண்டு 32 பிட் (0, 1 என்ற 32 இலக்கங்கள் கொண்ட) எண்கள்; ஒரு வரம்பு இன்னொன்றின் மேல் ஏறக்கூடாது. இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

சோதனைக்கு எடுத்தவை எல்லோருக்கும் பழக்கமான மூன்று தனியார் வரம்புகள் (வீட்டு, அலுவலக வலையமைப்புகளுக்கு உள்ளே மட்டும் பயன்படுபவை): 10.0.0.0, 172.16.0.0, 192.168.0.0 ஆகியவற்றில் தொடங்குபவை. 192.168 என்று தொடங்கிய கணினிகள் எல்லாம் உள்ளே நுழைந்தன. 10 என்று தொடங்கிய ஒன்றுகூட நுழையவில்லை. பட்டியலை அச்சிட்டால் அந்த வரம்பு கண்ணுக்குத் தெரிகிறது, தேடினால் மட்டும் அகப்படவில்லை. பைட் வரிசையை (எண்ணின் பைட்டுகள் நினைவகத்தில் நிற்கும் ஒழுங்கை) மாற்ற மறந்துவிட்டேனோ என்று ஒரு பின்னேரம் முழுவதையும் அதிலேயே செலவழித்தேன். அது சரியாகவே இருந்தது.

பிழை, சி மொழியின் வரிசைப்படுத்தும் செயற்கூறான கியூசார்ட்டுக்கு நான் கொடுத்திருந்த ஒப்பீட்டுச் செயற்கூறில் இருந்தது. முதலாவது எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்து விடையைத் திருப்பி அனுப்பும் ஒரே வரி, பழைய பழக்கத்தில் எழுதியது. 192.168.0.0 என்பது எண்ணாக 3232235520, 10.0.0.0 என்பது 167772160; வித்தியாசம் 3064463360. கியூசார்ட் கேட்பதோ சைன்ட் இன்ட் (நேர், மறை இரண்டும் கொள்ளும் முழு எண்), அதில் 2147483647க்கு மேல் இடமில்லை. எங்கள் கம்பைலரில் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) அந்த வித்தியாசம் மறை எண்ணாக, -1230503936 ஆகிவிட, பெரிய முகவரி சிறியதாகக் கணிக்கப்பட்டு, 10 பட்டியலின் கடைசியில் போய் உட்கார்ந்தது. பட்டியலைப் பாதி பாதியாக வெட்டித் தேடும் இருகூற்றுத் தேடல் அதை இடப்பக்கத்தில் தேடிவிட்டுக் கையை விரித்தது. அச்சிட்டபோது மூன்றும் இருக்கின்றனவா என்று எண்ணினேனே தவிர, எந்த ஒழுங்கில் நிற்கின்றன என்று நான் பார்க்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கழித்தலை எடுத்துவிட்டு, சிறியதா, பெரியதா என்று இரண்டு ஒப்பீடுகளாக எழுதியபின் சிக்கல் தீர்ந்தது.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

நண்பருக்கு வரிசைப்படுத்தலில் வந்தது எனக்கு, ஒட்டியோ மேலேறியோ நிற்கும் வரம்புகளை ஒன்றுசேர்ப்பதில் வந்தது. யாழ்ப்பாணத்தில் வேலிச் சண்டைகளைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால், முடிவு முகவரி வரம்புக்குள் அடங்குமா, அடங்காதா என்ற கேள்வியை எல்லைக் கதியால் (வேலியில் நடும் தடி) யாருடைய காணியில் நிற்கிறது என்ற கேள்வியாகவே நான் எப்போதும் பார்ப்பேன். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கேர்னலுக்குள்ளேயே இரண்டு வழக்கமும் உண்டு: வன்பொருள் வளங்களின் பட்டியலில் முடிவு உள்ளடங்கும், ஒரு புரோசெஸின் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலின்) நினைவகப் பகுதிகளில் அடங்காது. நான் அடங்கும் என்று வைத்தேன். அடங்காது என்று வைத்தால், கடைசி முகவரியான 255.255.255.255 வரை செல்லும் வரம்பின் முடிவை 32 பிட்டில் எழுதவே முடியாது. அது சுற்றிக்கொண்டு பூச்சியம் ஆகிவிடும்.

அப்படித் தெளிவாக யோசித்தவன்தான், அடுத்த வரம்பின் தொடக்கம் நடப்பு முடிவுடன் ஒன்றைக் கூட்டியதற்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் இரண்டையும் சேர் என்று எழுதினேன். 224.0.0.0 முதல் 255.255.255.255 வரை ஒரு வரம்பும், 240.0.0.0 முதல் அதே முடிவு வரை இன்னொரு வரம்பும் வந்தபோது, வாசலில் தடுத்த அதே பூச்சியம் கொல்லைப்பக்கத்தால் உள்ளே வந்தது. 240.0.0.0 பூச்சியத்தைவிடப் பெரியது. ஆகவே இரண்டும் சேராமல் ஒன்றின் மேல் ஒன்றாகவே கிடந்தன. இப்போது நான் கூட்டுவதில்லை. அடுத்த தொடக்கம் நடப்பு முடிவைவிடப் பெரியதா என்று முதலில் பார்த்து, பெரியதாக இருந்தால் மட்டும் கழித்து, வித்தியாசம் ஒன்றைத் தாண்டுகிறதா என்று பார்க்கிறேன். சேர்த்தபின் இரண்டு முடிவுகளில் பெரியதையே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் பட்டுத்தான் அறிந்தேன்.

தெஹிவளையிலிருந்து:

எனக்கு நடந்தது நீக்குவதில், அண்ணா. ஒரு வரம்பின் நடுவிலிருந்து ஒரு துண்டை எடுத்தால் அது இரண்டாகப் பிரியும். ஆகவே நீக்கும்போது பட்டியல் வளரக்கூடும். அந்தப் புதிய உறுப்புக்கு இடம் கேட்டு, நினைவக இடத்தைப் பெருப்பிக்கும் ரீஅலொக்கை அழைத்தபோது அது முழு அணியையும் வேறிடத்துக்கு மாற்றிவிட்டது, நான் பழைய பொயிண்டரிலேயே (நினைவக இடத்தைச் சுட்டும் மாறியிலேயே) இடப்பக்கத் துண்டின் முடிவை எழுதிக்கொண்டிருந்தேன். பத்து வரம்புகளில் ஒருபோதும் தெரியாத பிழை, ஆயிரக்கணக்கில் வந்தபோதுதான் வெளிப்பட்டது. அதன்பின் உறுப்பின் சுட்டெண்ணை (அணியில் எத்தனையாவது என்பதை) மட்டுமே கையில் வைத்துக்கொள்கிறேன்.

மீண்டும் வெள்ளவத்தையிலிருந்து:

கொட்டாஞ்சேனை நண்பர் சொன்ன பிழை என் நிரலிலும் இருக்கிறதா என்று பார்க்க, முகவரியை 8 பிட்டாகச் சுருக்கிச் சோதித்தேன். அதில் 32896 வரம்புகள்தான் அமையும் என்பதால், எல்லாச் சோடிகளையும் ஒன்றுசேர்த்து, விடையை ஒவ்வொரு முகவரிக்கும் ஓரிடமாக 256 இடங்கள் கொண்ட ஆம்-இல்லை அட்டவணையுடன் ஒப்பிடும்படி செய்து, இரவில் ஓடவிட்டுத் தூங்கினேன். காலையில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் என் நிரலில் அதே கூட்டல் அப்படியே இருந்தது. 8 பிட் எண்ணைச் சி மொழி இன்ட்டாக உயர்த்திய பின்னரே கூட்டுகிறது. 255உடன் ஒன்றைக் கூட்டினால் அங்கே பூச்சியம் வருவதில்லை, 256தான் வருகிறது. கூட்டுத்தொகையைத் திரும்பவும் 8 பிட்டுக்கு மாற்றி ஓடவிட்டவுடன், 255இல் முடியும் சோடிகள் திரையை நிறைத்தன.