மறு: ‘புண்ணாக்கும் பெருங்குடல் அழற்சி’க்கு மாற்றுச் சொல்

> கையேட்டில் ‘குடல் புண் நோய்’ என்றே போட்டுவிடலாமுங்க. ஈரோடு, கோபி பக்கம் எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியுமுங்க. நம் பக்கம் குடல் புண் என்றால் வயிற்று அல்சர், அதாவது நேரத்துக்குச் சாப்பிடாதவருக்கு வருவதாக எல்லாரும் சொல்வது. உடனே அமிலம் குறைக்கும் மாத்திரை வாங்கிப் போடுவார்கள். நாம் பெயர் தேடும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற பெருங்குடல் அழற்சியை அது தொடவே தொடாது. ‘புண்ணாக்கும்’ என்பதையும் விட்டுவிடுவோம். மாட்டுக்குப் புண்ணாக்கு வைக்கிற வீடுகளில் அந்தச் சொல் அப்படித்தான் கண்ணில் படும்.

இன்னொரு குறை, கையேடு பேசும் நாட்பட்ட குடலழற்சியில் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், கிரோன் நோய் என்று இரண்டு வகை; புண் இரண்டிலும் வரும். பிரித்துக் காட்டுபவை இடமும் ஆழமும். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் மலக்குடலில் தொடங்கி, இடைவெளி விடாமல் மேலேறும். பெருங்குடலோடு நிற்கும், சுவரின் உட்படலத்தைத்தான் பெரும்பாலும் தாக்கும். அதனால் ரத்தமும் சளியும் கலந்த பேதி, போய் வந்ததுமே மறுபடி முட்டுவது. இதை மூலம் என்று எண்ணிப் பலர் காலம் கடத்துகிறார்கள்.

கிரோன் நோய் வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரும், நடுநடுவே நல்ல குடலை விட்டுத் திட்டுத் திட்டாக. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் அதிகம். சுவரை முழு ஆழத்துக்கும் தாக்குவதால் குடல் குறுகி அடைக்கும், பௌத்திரம் (ஆசனவாய் அருகே சீழ் வடியும் துளை) உண்டாகும். பௌத்திரத்தை அறுத்தும் திரும்பத் திரும்ப வந்தால் குடலையும் பார்க்கச் சொல்லும் வரி கட்டாயம் வேண்டும்.

என் பரிந்துரை: பொதுப்பெயர் ‘நாட்பட்ட குடலழற்சி’, முதல் வகை ‘பெருங்குடல் உட்படல அழற்சி’. திசுச் சோதனைக்குப் பிறகும் பிரிக்க முடியாதது ‘வகைபிரியாப் பெருங்குடல் அழற்சி’. கிரோன் அப்படியே இருக்கட்டும். 1932இல் கிரோன் என்ற மருத்துவரும் உடன் எழுதிய இருவரும் இந்த நோய்க்குச் சிறுகுடலின் கடைசிப் பகுதியை வைத்துத்தான் பெயரிட்டார்கள். பெருங்குடலிலும் வருவது தெரிந்தபின் அந்தப் பெயர் போதவில்லை. நாமும் அதே குழியில் விழ வேண்டாம்.

——

> ‘பெருங்குடல் உட்படல அழற்சி’

சரிங்க. மருந்தும் இந்தப் பெயரோடு ஒத்துப்போகிறது. உட்படலத்தில் வேலை செய்யும் மெசலமைன் இந்த வகைக்குக் கைகொடுக்கும். கிரோனுக்கு அவ்வளவு உதவாது. ஆசனவாயில் வைக்கும் மாத்திரை மலக்குடல் வரைதான் எட்டும், எனிமா இடப்பக்கப் பெருங்குடல் வரை. அறுவையும் அப்படியே: பெருங்குடலையும் மலக்குடலையும் எடுத்துவிட்டால் இந்த அழற்சிக்கு இடமில்லை, கிரோனில் வெட்டி இணைத்த இடத்திலேயே திரும்ப வரும்.

ஆனால் ரிப்போர்ட்டில் ‘அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்’ என்றுதான் இருக்கும். முதல் முறை இரண்டையும் சேர்த்தே எழுதுவோம்.

‘எரிச்சல் குடல்’ (ஐ.பி.எஸ்.) என்ற சொல்லையும் இந்தக் கையேட்டில் மாற்ற வேண்டும். அழற்சியும் எரிச்சலும் ஒன்றென்றே படிப்பவர் நினைப்பார். எரிச்சல் குடலில் அழற்சியே கிடையாது. குடல் அழற்சி இருந்தால் மலத்தில் கூடும் புரதமான கால்புரொடெக்டின் இதில் பெரும்பாலும் கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குள் இருக்கும். ‘குடல் இயக்கக் கோளாறு’ எப்படி?

கிரோன் பதிவின் கீழ் குடல் காசநோய்க்கும் இடம் விடுங்கள். இரண்டும் சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தையே பிடிக்கும். காசநோய்ப் புண் குறுக்காகவும் கிரோன் புண் நீளவாக்கிலும் ஓடுவது வழக்கம், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. காசநோயைக் கிரோன் என்று ஸ்டீராய்டு கொடுத்தால் கிருமி பரவும். கிரோனைக் காசநோய் என்று மருந்து கொடுத்துக்கொண்டே போனால் அதற்குள் குடல் குறுகிவிடும்.