நவராத்திரி ஊர்வலம்: சின்னப் பிள்ளைகளோடு எங்கே நின்று பார்க்கலாம்?

கேள்வி:
திருவனந்தபுரம் நவராத்திரிக்குச் சாமி விக்கிரகங்கள் புறப்படுவதைப் பார்க்க 4, 7 வயசுப் பிள்ளைகளைக் கூட்டிப் போகணும். குமரி மாவட்டத்தில் பத்மநாபபுரமா, குழித்துறையா, களியக்காவிளையா? எது சரிப்படும்?

தக்கலைக்காரன்:
பத்மநாபபுரம்தான். சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் குமாரகோவில் வேளிமலை முருகனும் அங்கே வந்து, அரண்மனைப் பூஜை இடமான தேவாரக்கட்டில் இருக்கிற சரஸ்வதியோடு சேர்ந்துதான் ஊர்வலம் கிளம்பும். ஆனால் அரண்மனை உப்பரிகை மாளிகையில் ராஜாவின் உடைவாள் கைமாறும் சடங்குக்கு உள்ளே போகாதீங்க. நெரிசலில் பிள்ளைகளுக்குப் பெரியவங்க முதுகுதான் தெரியும். வெளியே, வாசலில் குத்துவிளக்கும் பூவும் பழத்தட்டும் வைத்திருக்கிற வீட்டுப் பக்கம் நில்லுங்க. பல்லக்கு அங்கே நின்று நின்றுதான் நகரும், முகம் பார்த்துக் கும்பிடலாம். தக்கலையில் பஸ் இறங்கி ஆட்டோவில் வந்திடுங்க. கார் கொண்டுவந்தால் ஊர்வலம் கடக்கும்வரை எடுக்க முடியாது.

குழித்துறை அக்கா:
தம்பி சொன்னது சரி. செண்டை பக்கத்தில் வந்தால் சின்னது மிரண்டு அழும். மேளத்திலிருந்து 20 அடியாவது தள்ளி நில்லுங்க, காதில் பஞ்சு வையுங்க. யானை வந்தால் அதன் பின்பக்கம் போகவே கூடாது. அதுக்குப் பின்னால் நிற்கிற ஆள் தெரியாது, திடீரென்று திரும்பும். பிள்ளை மணிக்கட்டில் உங்க போன் நம்பரைப் பேனாவால் எழுதி, மேலே செல்லோடேப் ஒட்டுங்க. வியர்வையில் வெறும் மை அழிஞ்சிடும்.

காலையில் முடியாவிட்டால் சாயங்காலம் குழித்துறை வாங்க. முதல் ராத்திரி மகாதேவர் கோவிலில்தான் தங்கல். களியக்காவிளை வேண்டாம், கேரள எல்லையில் ஊர்வலத்துக்குக் கொடுக்கிற வரவேற்பில் ரோடே அடைபடும்.