பிக்சல் 9ஏ வாங்கலாமா? வேலைக்கும் வீட்டுக்கும் இது ஒன்றுதான்

நூல்கண்டு:

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக (பையரின் ஆர்டரை யூனிட்களில் முடித்து வாங்கும் வேலை) இருக்கிறேன். என் பழைய போனுக்கு அப்டேட் நின்றுபோய் வெகுநாளாகிறது, பேங்க் ஆப் ஒன்று இனி இந்த வெர்ஷனில் ஓடாது என்று சொல்ல ஆரம்பித்துவிட்டது, அதனால் இந்த மாதம் மாற்றியே ஆக வேண்டும். கூகுளின் பிக்சல் 9ஏ போன் மேல் கண் இருக்கிறது. 8 ஜிபி ரேம், 256 ஜிபி, 2025-ல் வெளியானபோது விலை 49,999 ரூபாய். ஏழு வருஷம் அப்டேட் தருவதாகச் சொல்வதுதான் என்னை இழுக்கிறது, அடிக்கடி போன் மாற்றுகிற ஆள் நான் இல்லை.

என் உபயோகம் இப்படி: நாள் முழுக்க நிட்டிங், டையிங், பிரிண்டிங் என்று ஜாப் ஒர்க் யூனிட்களுக்கு அலைவேன், போகிற இடத்தில் எல்லாம் துணியை கிட்டப் போய் போட்டோ எடுத்து பையருக்கு அனுப்ப வேண்டும் (நீடில் லைன், ஆயில் கறை, பிரிண்ட் நகர்ந்திருப்பது, இந்த மாதிரி). பாதி வேலை போனில் பேசித்தான் நடக்கிறது, யார் எந்தத் தேதி சொன்னார்கள் என்பதற்காக கால் ரெக்கார்ட் பண்ணி வைப்பது பழக்கம். இரண்டு நம்பர் உண்டு. வெயிலில் பைக்கில் சுற்றுவதால் போன் சூடாகும். இதற்கெல்லாம் 9ஏ தாங்குமா? விலைப் பட்டியலில் வராத விஷயங்கள் இருந்தால் அதைச் சொல்லுங்கள், அதுதான் எனக்கு வேண்டும்.

மேட்டுக்கடை:

வணக்கம் நண்பரே. 2025 ஏப்ரலில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோதே வாங்கியவன் நான், அதனால் கேமராவிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

கிட்டப் போய் எடுப்பதற்கு இது நல்ல போன். ஏ வரிசையில் மேக்ரோ ஃபோகஸ் வந்தது இதில்தான் முதல் தடவை. சில போன்களில் பேருக்கு ஒரு 2 மெகாபிக்சல் மேக்ரோ லென்ஸ் வைத்திருப்பார்களே, அது மாதிரி இல்லை, 48 மெகாபிக்சல் மெயின் கேமராவே கிட்டத்தில் ஃபோகஸ் ஆகிறது. பனியன் துணியில் லூப் லூப்பாகத் தெரியும், ஒரு ஊசி விட்டுப்போன இடம் கோடாக இறங்குவது தனியாகத் தெரியும். ஒரே தொந்தரவு, அவ்வளவு கிட்டப் போனால் போனின் நிழலே துணி மேல் விழும், ஜன்னல் பக்கம் திரும்பி நின்று எடுங்கள்.

பழைய 8ஏ-வில் 64 மெகாபிக்சல் இருந்ததே, இது குறைந்துவிட்டதே என்று சிலர் கேட்பார்கள். சென்சாரும் அதைவிடக் கொஞ்சம் சின்னதுதான், உண்மை. ஆனால் லென்ஸ் எஃப்/1.7, அதிக வெளிச்சம் உள்ளே வரும், மிச்சத்தை கூகுளின் சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்கிறது. ஜூம் லென்ஸ் தனியாகக் கிடையாது, தூரத்தில் இருப்பதை எடுக்கிற வேலை இருந்தால் யோசிக்க வேண்டும். உங்களுக்கு அது தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

ஸ்கிரீன் 6.3 அங்குலம், 120 ஹெர்ட்ஸ், உச்ச வெளிச்சம் 2700 நிட்ஸ். நடு மத்தியானம் ரோட்டோரம் வண்டியை நிறுத்தி மெயில் படிக்க முடிகிறது, என் பழைய போனில் கையை மறைப்பாக வைத்துத்தான் படிக்க வேண்டும். பின்பக்கம் பிளாஸ்டிக், கேமரா மேடு அநேகமாக இல்லவே இல்லை, மேஜையில் ஆடாமல் படுக்கும். ஐபி68 (தூசும் தண்ணீரும் தாங்கும் தரம்) இருப்பதால் மழைக்கும் டையிங் யூனிட் ஈரத்துக்கும் பயமில்லை.

பாவடி_தெரு:

மேலே சொன்னதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சேர்க்கிறேன், நானும் ஜவுளித் தொழில்தான். குறையைக் காட்ட போட்டோ சரி. கலரைக் காட்ட எந்த போனின் போட்டோவும் வேண்டாம், இதுவும் வேண்டாம். லேப் டிப் (சாயம் சரியா என்று பார்க்கப் போடும் சின்ன மாதிரித் துணி) ஷேடை போட்டோவில் பார்த்து பையர் ஓகே சொல்லி, துணி கைக்குப் போனபின் சண்டை வந்த கதைகள் எல்லாருக்கும் தெரியும். போன் ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒயிட் பேலன்ஸை (வெளிச்சத்துக்கேற்ற கலர் சரிக்கட்டலை) தானே மாற்றிக்கொள்ளும். டியூப் லைட்டில் ஒரு நீலம், ஷெட் வாசலில் இன்னொரு நீலம். பிக்சல் அந்த இடத்தில் படத்தை 'அழகாக்க' பார்ப்பதால் இன்னும் கவனம் வேண்டும். ஷேடுக்கு லைட் பாக்ஸில் டி65 (பகல் வெளிச்சத்துக்குச் சமமான விளக்கு) போட்டுப் பார்ப்பதும் ஸ்வாட்சை, அதாவது துணித் துண்டை, கூரியர் பண்ணுவதும்தான் வழி.

அப்புறம் கால் ரெக்கார்டிங். இதை யாரும் விளம்பரத்தில் சொல்ல மாட்டார்கள். பிக்சலில் இருப்பது கூகுளின் போன் ஆப், ரெக்கார்ட் பட்டனைத் தொட்டவுடன் 'இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது' என்று ஒரு குரல் எதிர்முனைக்கும் கேட்கும். அதை நிறுத்த முடியாது. வேறு ஆப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம், 2022 மே மாதத்திலிருந்து அந்த மாதிரி ஆப்கள் உபயோகித்த வழியை பிளே ஸ்டோர் விதியாலேயே கூகுள் அடைத்துவிட்டது. சாம்சங் இந்திய மாடல்களில் அவர்களுடைய சொந்த டயலர் இருப்பதால் அறிவிப்பு இல்லாமலே பதிவாகும். என்னைக் கேட்டால் எதிராளிக்குத் தெரிந்து பதிவு பண்ணுவதுதான் முறை, பின்னால் பேச்சு வந்தாலும் நம் பக்கம் சுத்தமாக இருக்கும். ஆனால் பிரிண்டிங் ஓனர் ஒருவரிடம் தேதி வாங்கும்போது நடுவில் அந்தக் குரல் கேட்டால் மனுஷன் வாயை மூடிக்கொள்வார், அதுவும் உண்மை. பேசி முடித்த கையோடு 'நீங்கள் சொன்னபடி வியாழக்கிழமை டெலிவரி' என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிடுங்கள், ரெக்கார்டிங்கைவிட அது பலமான ஆதாரம்.

இரும்புக்கை:

பேட்டரி பற்றி நான் சொல்கிறேன், ஏழு வருஷ ஆசையில் வாங்குபவர் இதைத் தெரிந்துகொண்டுதான் வாங்க வேண்டும்.

5100 எம்ஏஎச், உங்கள் அலைச்சலுக்கு ஒரு நாள் தாராளமாக ஓடும். விஷயம் அது இல்லை. இதில் 'பேட்டரி ஹெல்த் அசிஸ்டன்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. 200 சார்ஜ் சைக்கிள் தாண்டியதும் போன் தானாகவே பேட்டரியின் உச்ச வோல்டேஜைப் படிப்படியாகக் குறைக்க ஆரம்பிக்கும், 1000 சைக்கிள் வரை குறைத்துக்கொண்டே போகும், சார்ஜ் ஏறும் வேகத்தையும் அதற்கேற்ப மாற்றும். 9ஏ-வில் இதை ஆஃப் பண்ண வழியில்லை. ஒரு சைக்கிள் என்றால் மொத்தமாக 100 சதவீதம் செலவாவது; இன்று 60, நாளை 40 என்றாலும் ஒன்றுதான். தினமும் காலி பண்ணுகிற ஆளுக்கு ஒரு வருஷத்துக்குள்ளேயே இந்தக் குறைப்பு ஆரம்பித்துவிடும். 1000 சைக்கிளில் 80 சதவீதம் கொள்ளளவு நிற்கும் என்பது கூகுளின் கணக்கு, அது உங்களுக்கு மூன்று வருஷ ஓட்டம்.

இது சதி ஒன்றும் இல்லை, பழைய லித்தியம் பேட்டரியை முழு வோல்டேஜுக்கு ஏற்றிக்கொண்டே இருந்தால் வீங்கும், சூடேறும். பழைய மாடல்களில் கூகுள் அவசரமாக ஓட வேண்டியிருந்தது: 2025 ஜனவரியில் 4ஏ, ஜூலையில் 6ஏ, இரண்டுக்கும் அப்டேட் மூலமாகவே பேட்டரி கொள்ளளவைக் குறைத்தார்கள். 6ஏ-வுக்கு இந்தியாவிலும் இலவசமாக பேட்டரி மாற்றித் தருவதாக அப்போது அறிவித்தார்கள். 9ஏ-வில் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டுச் செய்கிறார்கள், அந்த அளவுக்கு நேர்மை. ஆனால் ஏழு வருஷம் என்று கணக்குப் போடும்போது நடுவில் ஒரு தடவையாவது பேட்டரி மாற்றும் செலவையும் சேர்த்துப் போடுங்கள். சாஃப்ட்வேர் 2032 ஏப்ரல் வரை வரும், முதல் பேட்டரி வராது.

வெயிலுக்கு: செட்டிங்கில் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருக்கிறது, முடிந்த நாட்களில் போட்டுவையுங்கள். பைக் ஹேண்டில்பார் ஹோல்டரில் மேப் போட்டுக்கொண்டே சார்ஜும் போட்டால் எந்த போனும் திணறும். இதில் இருக்கும் டென்சர் ஜி4 குளிர்ச்சியான சிப் என்று பெயர் வாங்கியதில்லை, முந்தைய ஜி3-யைவிடத் தேவலாம், அவ்வளவுதான். இன்னொன்று, பிக்சல் 9-ல் இருக்கும் புது மோடம் (சிக்னல் பிடிக்கும் சிப்) இதில் இல்லை, பழைய எக்ஸினாஸ் 5300-தான். தகர ஷெட்டுக்குள் சிக்னல் குறைந்தால் மோடம்தான் பேட்டரியைத் தின்னும்.

நூல்கண்டு:

ரொம்ப நன்றி. வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடும் யோசனையை இன்றே ஆரம்பித்துவிட்டேன். சிம் பற்றி யாரும் சொல்லவில்லையே? பாக்ஸில் சார்ஜர் இல்லை என்கிறார்கள், பழைய போனின் 65 வாட்ஸ் சார்ஜர் வீட்டில் இருக்கிறது, அது போதுமா?

மேட்டுக்கடை:

சிம் டிரேயில் ஒரே ஒரு நானோ சிம்தான் போகும், இரண்டாவது நம்பர் இசிம் (கார்டு இல்லாமல் போனுக்குள்ளேயே பதிவாகும் சிம்). ஜியோ, ஏர்டெல், வி எல்லாம் இசிம் தருகிறார்கள், மாற்றுவது பெரிய வேலை இல்லை. ஆனால் போன் சர்வீஸுக்குப் போனால், சிம்மைக் கழற்றி பழைய போனில் போட்டு அன்றைக்கே சமாளிப்போமே, அது இசிம் நம்பருக்கு நடக்காது. பையர், பேங்க் ஓடிபி எல்லாம் வரும் நம்பரை சிம்மாகவே வைத்துக்கொண்டு, மற்றதை இசிம் ஆக்குங்கள்.

சார்ஜர் விஷயத்தில் வாட்ஸைப் பார்க்காதீர்கள். சூப்பர்வூக் மாதிரி அந்தந்தக் கம்பெனியின் சொந்த முறையில் ஓடும் சார்ஜர் என்றால் இதில் மெதுவாகத்தான் ஏறும். எல்லா கம்பெனிக்கும் பொதுவான வேகச் சார்ஜ் முறையான யுஎஸ்பி பிடி (PD), அதிலும் பிபிஎஸ் (PPS) என்று எழுதியிருப்பதாக வாங்குங்கள். எப்படிப் பார்த்தாலும் 23 வாட்ஸுக்கு மேல் ஏறாது, முழுக்க ஏற ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாகும். மத்தியானம் சாப்பிடும் நேரத்தில் முழுசாக ஏற்றிக்கொண்டு கிளம்பலாம் என்ற பழக்கம் இருந்தால் கஷ்டம்.

குளத்துமேடு:

நான் வேறு பக்கம் பேசுகிறேன். இவ்வளவு கணக்கும் பார்த்தால் இவருக்கு சாம்சங் ஏ56-தான் பொருந்தும். 2025-ல் வெளியானபோது 41,999-லிருந்து கிடைத்தது, 45 வாட்ஸ் சார்ஜிங், கால் ரெக்கார்டிங் தொல்லை இல்லை, ஆறு வருஷம் அப்டேட். ஏழுக்கும் ஆறுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? நிஜ சிம் இரண்டு போடலாம். சர்வீஸ் சென்டர் சின்ன ஊர்களிலும் இருக்கிறது, பிக்சலுக்கு அப்படி இல்லை, வாங்கும் முன் உங்கள் பின்கோடுக்கு சர்வீஸ் எப்படி என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். ஒரே குறை, இந்த மாடலில் மெமரி கார்டு இடத்தை எடுத்துவிட்டார்கள். 41,999 என்பது 128 ஜிபிக்கு, போட்டோ எடுத்துத் தள்ளும் ஆளுக்கு அது சீக்கிரம் நிறையும்.

இரும்புக்கை:

குளத்துமேடு சொல்வது நியாயம்தான், கால் ரெக்கார்டிங் இல்லாமல் வேலையே ஓடாது என்றால் ஏ56 எடுங்கள். ஆனால் அப்டேட்டில் வருஷக் கணக்கு மட்டும் பார்க்கக் கூடாது. 2025 ஜூன் 10 அன்று ஆண்ட்ராய்டு 16 வந்த அன்றைக்கே 9ஏ-வுக்குக் கிடைத்தது, மற்ற கம்பெனி போன்களுக்கு எத்தனை மாதம் காத்திருப்போம் என்று எல்லோருக்கும் தெரியும். பேங்க் ஆப், யுபிஐ எல்லாம் ஒரே போனில் வைத்திருப்பவருக்கு மாதா மாதம் செக்யூரிட்டி பேட்ச் (பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அப்டேட்) வருவது பெரிய விஷயம், அதற்குத்தான் நான் பணம் கொடுப்பேன்.

ஏஐ என்று பெரிதாக எழுதியிருப்பதைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். 8 ஜிபி ரேம் என்பதால் போனுக்குள்ளேயே ஓடும் கூகுளின் ஏஐ-யான ஜெமினி நானோவின் சின்ன பதிப்புதான் இதில், பிக்சல் 9-ல் வரும் ஸ்கிரீன்ஷாட்ஸ் ஆப், கால் நோட்ஸ் இரண்டும் இதில் கிடையாது. ஜெமினி லைவில் தமிழில் பேசலாம், நன்றாகவே புரிந்துகொள்கிறது, ஆனால் அது எந்த ஆண்ட்ராய்டிலும் கிடைக்கும், நெட்டும் வேண்டும். ஜிபோர்டில் தமிழ் பேசி டைப் பண்ணுவதும் அப்படியே.

நூல்கண்டு:

சரி, முடிவுக்கு வந்துவிட்டேன். சர்வீஸ் விஷயத்தை கோயம்புத்தூரில் நேரில் விசாரித்துவிட்டு 9ஏ-தான். மேக்ரோ போட்டோவும் பேட்ச் விஷயமும்தான் காரணம். கருப்பு கலர் கிடைத்தால் நல்லது, டையிங் யூனிட்டில் வெள்ளை போனின் கதி என்னவாகும் என்று சொல்லவே வேண்டாம். 80 சதவீத செட்டிங்கை முதல் நாளே போட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும் யாராவது சொல்லுங்கள், பழைய போனின் கால் ரெக்கார்டிங் ஃபைல்கள் எல்லாம் கேபிள் போட்டு மாற்றும்போது தானாக வந்துவிடுமா, இல்லை தனியாக காப்பி பண்ண வேண்டுமா?

பாவடி_தெரு:

அதை நம்பி விடாதீர்கள். பழைய போனில் ஃபைல் மேனேஜரைத் திறந்து ரெக்கார்டிங் ஃபோல்டரை முதலில் கம்ப்யூட்டரில் ஒரு காப்பி எடுத்து வையுங்கள், சீசன் பெயர் போட்டு. அதற்குப் பிறகு மற்றதை மாற்றுங்கள். புது போனில் எல்லாம் வந்து சேர்ந்ததைப் பார்க்கும் வரை பழைய போனை ரீசெட் பண்ண வேண்டாம்.