மூணாறில் பஸ் நின்ற நாள்: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

2015 செப்டம்பர். உடுமலையிலிருந்து மறையூர் வழியாக மூணாறுக்கு பஸ்ஸில் போனேன், சும்மா ஊர் சுற்றத்தான். டவுனுக்கு முன்னாலேயே வண்டி நின்றுவிட்டது. இறங்கி நடந்து போய்ப் பார்த்தால் ரோடு முழுக்கத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் பெண்கள், ஆயிரக்கணக்கில், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கட்சிக் கொடி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. கோஷம் பாதி தமிழ், பாதி மலையாளம். எந்த யூனியன் என்று ஓர் அம்மாவிடம் கேட்டேன். "அவங்களைத்தான் முதல்ல விரட்டுனோம்" என்றார். எனக்கு சிரிப்பு வந்தது, அவர் சிரிக்கவில்லை.

அண்ணா, நீங்கள் பார்த்த அந்தக் கூட்டத்தில் என் அம்மாவும் இருந்தார். 20 சதவீதம் போனஸ் கொடுத்துக்கொண்டிருந்த இடத்தில் அந்த வருஷம் 10 என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்கு அப்போது நாள் கூலி 232 ரூபாய், அதற்கே 21 கிலோ கொழுந்து எடுக்க வேண்டும், அட்டைக்கடி தனி. எங்கள் வீட்டில் போனஸ் என்றால் ஸ்கூல் பீஸ், கடைக் கடன், தீபாவளித் துணி எல்லாம் அதில்தான். மாசாமாசம் சந்தா கட்டிய சங்கத்துக்காரர்கள் வாயே திறக்கவில்லை. அதனால்தான் ஆம்பளைகள் யாரும் வேண்டாம், நாங்களே பேசிக்கொள்கிறோம் என்று கிளம்பினார்கள். பேரும் அதையே வைத்தார்கள்: பொம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை. அப்பா லயத்தில் (தோட்டத்து வரிசை வீடு) சோறு வடித்து, என் தங்கைக்குச் சடை பின்னி ஸ்கூலுக்கு அனுப்பினார் (கோணல் சடைதான்). அரசியல்வாதிகள் வந்தால் திருப்பி அனுப்பினார்கள், கேரள முன்னாள் முதல்வர் வி.எஸ். அச்சுதானந்தனை மட்டும் கூட உட்கார விட்டார்கள், 91 வயதில் வந்தார் மனுஷன். ஒன்பதாவது நாள் தோட்டக் கம்பெனி இறங்கி வந்தது. போனஸ் 8.33, மீதி 11.67 கருணைத்தொகை, கூட்டினால் அதே 20. ஆனால் கூலி? கேட்டது 500, அப்புறம் தனியாகப் போராடி வந்தது 301. இதை வெற்றி என்று எழுதுகிறவர்கள் அந்த 199 ரூபாயையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது என் கோபம்.

நானும் நேரில் பார்த்தவன்தான், ஆனால் நான் பார்த்தது 2017 ஏப்ரலில். அப்போதைய கேரள மின்துறை அமைச்சர் எம்.எம். மணி இந்தப் பெண்களைக் கேவலமாகப் பேசினார், மன்னிப்புக் கேட்கச் சொல்லி, பொம்பிளை ஒருமையின் தலைவியான கோமதி அக்காவும் இன்னும் சிலரும் மூணாறில் உட்கார்ந்திருந்தார்கள். முன்பு ரோட்டையே அடைத்த கூட்டம் அன்றைக்கு ஒரு பந்தலுக்குள் அடங்கிவிட்டது. நடுவில் அவர்களுக்குள் பிரிவு, சிலர் பழைய சங்கத்துக்கே திரும்பிப் போனார்கள் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். ஆள் குறைவாக இருக்கும்போது உட்காருவதற்குத்தான் தைரியம் அதிகம் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. என்ன பேசுவது என்று தெரியாமல், ஓரமாக உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவிடம், "டீ வாங்கித் தரட்டுமாக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

"உண்ணாவிரதம் தம்பி" என்றார்.