ஹோமர் புறாவுக்குக் கால் மூட்டு வீக்கம், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். என் ஹோமர் (தூரத்தில் விட்டாலும் கூடு திரும்பும் பந்தய வகை) ஆண் புறா இடது காலைத் தூக்கிக்கொண்டே நிற்கிறது. மூட்டு சுண்டைக்காய் அளவு வீங்கியிருக்கிறது. தொட்டால் சூடு தெரிகிறது. லேசாக அமுக்கினாலே காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறது. உள்ளங்காலில் புண் இல்லை. இரை எடுக்கிறது, ஆனால் எச்சம் பச்சையாக, தண்ணீராகப் போகிறது.

பக்கத்தில் உள்ள மருத்துவர் அடிபட்ட வீக்கம் என்று வலி மருந்து மட்டும் கொடுத்தார். எச்சத்தைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. சால்மோனெல்லா கிருமி குடலிலிருந்து ரத்தம் வழியாக மூட்டுக்குப் போய் இப்படித்தான் வீங்க வைக்கும். சில புறாக்களுக்கு இறக்கை மூட்டும் வீங்கும். யூரிக் அமிலம் படிந்தாலும் வீக்கம் வரும் என்பதால் மூட்டு நீரையும் எச்சத்தையும் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) கொடுக்க வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகப் போகிறேன்.

அதற்குள் கேட்க வேண்டியது: என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து கொடுத்தவர்கள் எத்தனை நாள் தொடர்ந்தீர்கள்? கிரிட் (புறா கொத்தித் தின்னும் சிறு கல், கிளிஞ்சல் கலவை), கால்சியம் இருந்தால் மருந்து சரியாக உடம்பில் சேராது என்பதால் கிரிட்டை எடுத்துவிடுவேன். ஆனால் இதன் ஜோடிப் பெண் புறா குஞ்சுகளுக்கு இரை ஊட்டிக்கொண்டிருக்கிறது. வளரும் குஞ்சுகளின் குருத்தெலும்பை இந்த மருந்து பாதிக்கும், அதனால் கூண்டு முழுக்கத் தண்ணீரில் கலந்து வைக்கத் தயக்கம். நோய்ப் புறாவை மட்டும் தனிக்கூண்டில் போட்டு வாய் வழியாகக் கொடுத்தால் போதுமா? குணமான பிறகு உங்கள் புறா பழையபடி பறந்ததா, இல்லை மூட்டு மடங்காமல் விறைத்துவிட்டதா? அப்புறம், ‘மஞ்சள் பற்றுப் போடு’ ரகப் பதில்கள் வேண்டாம், அதை ஏற்கெனவே வீட்டில் எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.