பெரிய கோயில் விமானத்தை நிமிர்த்தலாமா? ஒரே படம், மூன்று திருத்தங்கள்

கரந்தைக்காரன்:
"இரவல் லென்ஸ்" என்ற பெயரில் இங்கே எழுதுகிறவர் பகிர்ந்த ரா கோப்பு (கேமரா பதிந்தபடியே உள்ள திருத்தாத மூலக் கோப்பு) ஒன்றுதான், அதை மூவர் திருத்தியிருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயில் விமானம், தென்புறத் திருச்சுற்றில் நின்று அண்ணாந்து எடுத்தது. நிலைக்கோல், அண்ணாந்து எடுத்ததால் வந்த சாய்வைக் கொஞ்சம் மிச்சம் வைத்துக் குறைத்திருக்கிறார். மலைச்சாரல் சாய்வைத் தொடாமல் கருப்பு வெள்ளையாக்கியிருக்கிறார். பொன்வெயில் முழுக்க நிமிர்த்தி, வானத்தையும் மாற்றிவிட்டு, "கோடு சாய்ந்த கட்டடப் படம் கற்றுக்குட்டி வேலை, என் படத்தில்தான் கோயில் உள்ளபடி நிற்கிறது" என்று எழுதியிருக்கிறார். உள்ளபடியா? ராஜராஜன் கட்டியது மேலே போகப் போகக் குறுகும் விமானம். உங்கள் படத்தில் நிற்பது பெட்டி. எந்தக் கோட்டை வைத்து நிமிர்த்தினீர்கள்?

பொன்வெயில்:
கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் செங்குத்துக் கோடுகள் உச்சியில் நெருங்கும். அதைத் தவிர்க்கத்தான் நிக்கான் 1962-லேயே 35 மி.மீ. ஷிஃப்ட் லென்ஸ் (கேமராவைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் நகர்த்தக்கூடியது) கொண்டுவந்தது. அதற்கும் முன்பு துருத்திக் கேமராவில் லென்ஸை மட்டும் மேலே ஏற்றி இதையே செய்தார்கள். நான் கண்டுபிடித்த விதி அல்ல. லைட்ரூம் மென்பொருளில் தானியங்கித் திருத்தம் இருக்கிறது. அழுத்தினேன், நிமிர்ந்தது.

கரந்தைக்காரன்:
"அழுத்தினேன், நிமிர்ந்தது." கோளாறே அங்கேதான். எது செங்குத்து, எது சாய்வு என்று கருவிக்குத் தெரியாது. விமானத்தின் அடியில் இரண்டு தளச் சுவர் செங்குத்தாக எழுகிறது. அதற்கு மேல்தான் நிலைநிலையாகக் குறுகத் தொடங்குகிறது. நிமிர்த்துவதானால் அந்தச் சுவரின் ஓரத்தைப் பிடித்து நிமிர்த்த வேண்டும், கொத்தனார் தூக்குக்குண்டு விடுகிற இடத்தில். உங்கள் கருவி மேல்நிலைகளின் சாய்ந்த விளிம்பைப் பிடித்து இழுத்துவிட்டது. எந்தக் கோடு என்று கேட்டேன்.

மலைச்சாரல்:
நிமிர்த்தவே வேண்டாம் என்பேன். அங்கே நிற்பவர் கழுத்தை வளைத்துத்தான் பார்க்கிறார். உச்சி விலகி விலகிப் போகிறது. அந்த மலைப்பைக் கருவியால் துடைத்துவிட்டு எதற்குக் கோயில் படம்? பொறியாளர் வரைபடம் போதுமே.

நிலைக்கோல்:
மலைச்சாரல், நிமிர்த்தினால் வரைபடமாகிவிடும் என்பது தவறு. திருச்சுற்றின் அகலம் ஏறக்குறைய 120 மீட்டர், விமானத்தின் அடி ஏறக்குறைய 30 மீட்டர். ஆகவே தென்சுவருக்கும் நமக்கும் இடையே அதிகமாகப் போனால் 45 மீட்டர். கட்டடமோ அதைவிட உயரம். உச்சி சுவருக்கு மேலே இல்லை, 15 மீட்டர் உள்ளே தள்ளி, அதாவது நம்மிடமிருந்து தரையளவில் 60 மீட்டரில், இருக்கிறது. எனவே முழுக்க நிமிர்த்திய பிறகும் சுவர் இருக்கும் அளவில் முக்கால் பங்குதான் உச்சிக்குக் கிடைக்கும். குறுகல் போகாது, வரைபடத்தைவிடக் கூடுதலாகவே தெரியும். போகிறது என்றால் கோட்டைத் தவறாகப் பிடித்திருக்கிறார்கள். இன்னொன்று: முழுக்க நிமிர்த்தினால் சுவர் மேலே விரிவதுபோல் கண்ணுக்குத் தோன்றும். அதனால்தான் நான் கொஞ்சம் மிச்சம் வைத்தேன்.

கரந்தைக்காரன்:
கேட்டீர்களா, பொன்வெயில்? முழுக்க நிமிர்த்தினாலும் குறுகல் இருக்க வேண்டும். உங்கள் படத்தில் இல்லை. எந்தக் கோடு?

பொன்வெயில்:
தாராசுரம் படத்தில் மின்கம்பியை நான் அழித்ததற்கு ஊரைக் கூட்டியவர் நீங்கள். அந்தப் படத்துக்குப் பாராட்டு கிடைத்தது, அது உங்களுக்கு இன்னும் ஆறவில்லை. என் படத்தைப் பார்த்தவர்கள் கம்பீரம் என்கிறார்கள். நிழலே தரையில் விழாத விமானம் அது. அந்தக் கம்பீரம் தெரிய வேண்டாமா?

கரந்தைக்காரன்:
நிழல் விழாதாம்! தஞ்சைக் கரந்தையில் பிறந்து வளர்ந்தவன் சொல்கிறேன், காலையிலும் மாலையிலும் போய்ப் பாருங்கள், திருச்சுற்றுத் தரையில் நீண்டு விழும். அந்த நிழலில் உட்கார்ந்துதான் குடும்பங்கள் கட்டுச்சோறு பிரிக்கின்றன. இந்தக் கதையைப் பரப்புகிறவர்தான் கோயிலை "உள்ளபடி" காட்டப் போகிறாரா? நிழல் என்றதும் வானம் நினைவுக்கு வருகிறது. தெற்கே நின்று வடக்கே பார்த்து எடுத்த படம். நீங்கள் ஒட்டிய செவ்வானத்தில் சூரியன் விமானத்துக்கு நேர் பின்னால் மறைகிறது. தஞ்சாவூரில் சூரியன் வடக்கிலா மறைகிறது? சுவர் மாடங்களின் நிழல் இடப்பக்கம், அதாவது மேற்கே, விழுந்திருக்கிறது. அது காலை வெயில்.

பொன்வெயில்:
வானத்தை மாற்றுவது பாவமா? ஆங்கிலேயப் படக்கலைஞர் லினியஸ் டிரைப் 1858-இல் இதே கோயிலைப் படமெடுத்தார். தம் நெகட்டிவ்களில் மேகங்களைக் கையால் தீட்டியவர் அவர். அவர் செய்தால் கலை, நான் செய்தால் குற்றம்!

கரந்தைக்காரன்:
டிரைப் காலத்து நெகட்டிவ் நீல ஒளியை அளவுக்கு மீறி வாங்கும். வானம் வெறும் வெள்ளையாகிவிடும். வேறு வழியில்லாமல் தீட்டினார். உங்கள் ரா கோப்பில் நல்ல நீல வானம் இருந்தது, வேண்டுமென்றே தூக்கி எறிந்தீர்கள். அதே டிரைப் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து நீளமாக ஒட்டியிருக்கிறார். அந்தக் கல்லின் மேல் அவருக்கு இருந்த மரியாதையில் கால்வாசி உங்களிடம் இல்லை. மேகத்தை விடுங்கள். கோடு?

கங்கைகொண்டான்:
எனக்கு மூன்று படமும் பிடிக்கவில்லை. பொன்வெயிலின் திருத்தத்தில் தஞ்சை விமானம் எங்கள் கங்கைகொண்ட சோழபுரம் விமானம்போல உள்வளைந்து தெரிகிறது. அழகு வேண்டுமென்றால் நேராக எங்கள் ஊருக்கே வாருங்கள்.

நிலைக்கோல்:
நிமிர்த்தும் கருவி நேர்கோட்டை வளைக்காது, சாய்வை மட்டுமே மாற்றும். வளைவு தெரிகிறது என்றால் யாரோ உருவத்தைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள்.

கரந்தைக்காரன்:
யாரோ அல்ல. பெயரைச் சொல்லுங்கள், நிலைக்கோல். பாதிப் பேச்சு பேசுவதுதான் உங்கள் வழக்கம், படத்தையும் பாதிதான் நிமிர்த்துகிறீர்கள். கங்கைகொண்டாரே, தந்தை கட்டியது நிமிர்வு, மகன் கட்டியது நளினம். எது உயர்ந்தது என்ற சண்டைக்கு இங்கே இடமில்லை.

கங்கைகொண்டான்:
தொடங்கியது நான் அல்ல. "நளினம்" என்று ஒதுக்கிவிட்டு இடமில்லை என்கிறீர்கள்.

மலைச்சாரல்:
கருப்பு வெள்ளையைப் பற்றி ஒருவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

கரந்தைக்காரன்:
கருங்கல் கோயில்தான், ஆனால் கல்லின் செம்பழுப்பை எடுத்துவிட்டீர்கள். உங்களிடம் பிறகு வருகிறேன்.

பொன்வெயில்:
தம்பி, கடைசியாகச் சொல்கிறேன். இந்தப் படத்தை மூன்றடி உயரத்துக்கு அச்சடித்து மாட்டப் போகிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் தீர்ப்புச் சொல்லட்டும்.

கரந்தைக்காரன்:
தம்பி என்று அழைக்காதீர்கள், உங்களைவிட மூத்தவன். மூன்றடிக்கு அச்சடித்தால் உச்சிப் பகுதி குழைந்துதான் வரும், மேலே உள்ள புள்ளிகளை இழுத்துப் பெரிதாக்கித்தான் அந்த நிமிர்வு வந்திருக்கிறது. அச்சுக்கூலியை வீணாக்கும் முன், வலப்பக்க மாடத்தின் சுவர் ஓரத்தைக் கத்தரித்துப் பெரிதாக்கி இங்கே போடுங்கள். அது செங்குத்தாக இருக்கிறதா, வெளியே சாய்கிறதா என்று எல்லாரும் பார்க்கட்டும்.

பொன்வெயில்:
போட மாட்டேன். நீங்கள் எடுத்த கட்டடப் படம் ஒன்றின் ரா கோப்பை முதலில் இங்கே பகிருங்கள். அதன்பிறகு மாடத்தைக் கத்தரிப்பதா வேண்டாமா என்று பார்க்கிறேன்.

இரவல் லென்ஸ்:
நான் கேட்டது வெண்சமநிலை (வெள்ளை வெள்ளையாகவே தெரிய வைக்கும் வண்ண அமைப்பு) சரியா என்று மட்டும்தான்.