முதல் கோட்டிலேயே கை நிற்கிறது

ரோஸ்ஹில் (மொரீஷியஸ்) தங்கை: தைப்பூசக் காவடிக்குப் போஸ்டர் வரைய உட்கார்ந்தால் வரைவதும் அழிப்பதுமாகவே நேரம் போகிறது. விளையாட்டாக வரையச் சொல்கிறார்கள். எப்படி?

காத்ர்போர்ன் அண்ணன்: முதலில் ரப்பரை ஒளித்து வையம்மா. ஏ4 தாளை மூன்று தடவை பாதியாக மடித்தால் எட்டுக் கட்டம். கட்டத்துக்கு ஒரு நிமிடம், பால்பாயின்ட் பேனா மட்டும். ஆரம்பத்தில் பழகிய மயிலும் வேலும்தான் வரும். அவை தீர்ந்த பிறகே கை துணியும். விலை உயர்ந்த தாள் வேண்டாம், வீணாகுமே என்று கை இறுகும்.

போர்ட் லூயி நண்பர்: துணைக்கு ஆள் இருந்தால், 1920களில் பாரிஸில் கனவுபோன்ற படைப்புகளைச் செய்த சர்ரியலிஸ்ட் கலைஞர்கள் ஆடிய மடிப்பு ஆட்டம். ஒருவர் தலை வரைந்து மடிப்பார். கழுத்துக் கோட்டின் நுனி மட்டும் தெரியும். அடுத்தவர் உடல், மூன்றாமவர் கால். படம் யாருடையதும் இல்லை, திருத்தவும் வழியில்லை.

ரோஸ்ஹில் தங்கை: எட்டையும் இன்ஸ்டாகிராமில் போடலாமா?

காத்ர்போர்ன் அண்ணன்: வேண்டாம். லைக் எண்ணத் தொடங்கினால் மறுபடி பரீட்சைதான். போஸ்டருக்கான கட்டத்தையும் அன்றே தேடாதே, மறுநாள் பார்.